ஒற்றை ஃபேஸில் ஒரு தெரு

எங்கள் தெருவுக்கு நகராட்சி ஒரு பெயர் வைத்து, பலகையும் நட்டிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி இதுவரை ஒருவரும் வந்து சேர்ந்ததில்லை. திருநின்றவூர் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் "தாட்சாயிணி ஊட்டுத் தெரு" என்றால் நேராகக் கொண்டுவந்து இறக்குவார். தாட்சாயிணி இந்தத் தெருவை விட்டு அம்பத்தூருக்கு, மகள் வீட்டுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் அதே பெயர்தான். எனக்கு இதில் வயிற்றெரிச்சல் உண்டு, மறைப்பானேன். முப்பது வருடமாக நானும் இங்கேதான் குப்பை கொட்டுகிறேன். ஏகாம்பரம் வீட்டுத் தெரு என்று ஒரு தெருநாய்கூடச் சொன்னதில்லை.

அவளுடையது மூலை மனை. மூலை மனை என்றால் ஊரில் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்குவார்கள். அதை மட்டும் யாரும் சீந்தவில்லை, ஏனென்றால் அதன் காம்பவுண்டை ஒட்டி டிரான்ஸ்பார்மர் நின்றது. மழைக்காலத்தில் பொறி பறக்கும், குழந்தைகளுக்கு ஆகாது, ராவெல்லாம் உறுமும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். தாட்சாயிணியின் கணவன் தட்சிணாமூர்த்தியும் பயந்துதான் இருந்தான். அவனுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை. நான் அதே எஸ்டேட்டில் லேத் மெஷினில் நின்றவன். ஒரே ரயிலில்தான் போய்வருவோம். "எம் பொண்டாட்டி அந்த மனையத்தான் வாங்கணும்ங்குது மாமே. கரன்ட்டு பக்கத்துலயே கீது, நமக்குத்தான் மொதல்ல வரும்னுது" என்று அவன் ரயிலில் சொல்லி எங்கள் பெட்டியே சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முதலில் ஒன்றும் வரவில்லை. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருந்தாலும் கரன்ட் போனால் எல்லோருக்கும் போவதுபோலத்தான் அவளுக்கும் போனது. அவள் ரவிக்கை தைப்பவள். தையல் மெஷினில் மோட்டார் வைத்திருந்தாள். கல்யாண சீசனில் கரன்ட் போனால் அவளுக்கு அடிமடியிலேயே கை வைத்த மாதிரி. வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து முதல் குரல் கொடுப்பாள்: "இன்னாக்கா, உங்க ஊட்ல கீதா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத மனுஷன் இந்தப் பக்கத்தில் உண்டா? கரன்ட் போனால் முதலில் எதிர்வீட்டைத்தான் பார்ப்போம். அங்கேயும் இருட்டு என்றால் மனசுக்குள் ஒரு நிம்மதி. எல்லாருக்கும் போச்சு, அப்பாடா! அங்கே மட்டும் லைட் எரிந்தால்தான் நெஞ்சு திக்கென்று அடிக்கும், நமக்கு மட்டும் என்ன கேடு என்று. பாழாய்ப்போன புத்திதான், என்ன செய்ய, எனக்கும் அப்படித்தான்.

இந்த இடத்தில் ஃபேஸ் சமாச்சாரத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைப் புரியாது. டிரான்ஸ்பார்மரிலிருந்து தெருவுக்கு மூன்று கம்பிகளில் கரன்ட் வரும். ஒவ்வொரு கம்பியும் ஒரு ஃபேஸ். மழையிலும் காற்றிலும் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ போகும், மிச்சம் ஓடும். மூன்று ஃபேஸும் வாங்கிய வீடுகளில் ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். நம் ஃபேஸ் செத்துவிட்டால் அதைத் திருகி, உயிரோடு இருக்கிற ஃபேஸுக்குத் தாவிக்கொள்ளலாம். நல்ல வசதிதான். ஆனால் தெரு முழுக்க ஒரே நேரத்தில் தாவினால் அந்த ஒரு ஃபேஸ் எத்தனை பேரைத் தாங்கும்? பட்டென்று ஃபியூஸ் போய் அதுவும் படுத்துவிடும். இருந்த வெளிச்சமும் போய், "எவன்டா ஃபேஸ் மாத்தினவன்?" என்று இருட்டில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நிற்போம். திட்டுகிறவனும் மாற்றியிருப்பான்.

தாட்சாயிணி வந்த இரண்டாவது ஐப்பசியிலேயே இதைக் கண்டுகொண்டாள். அன்றிலிருந்து மழை பிடித்தால் அவள்தான் தெருவுக்குப் போலீஸ். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் நிற்பாள். "யாரும் ஃபேஸ் மாத்தாத! கரன்ட்டு கீறவன் ஒரு லைட்டு, ஒரு ஃபேனு போட்டுக்கோ. இல்லாதவன் கீறவன் ஊட்டுக்குப் போ. எவனாச்சும் கிரைண்டர் போட்டினு வெச்சிக்கோ, நானே வந்து மாவ வழிச்சி சாக்கடைல ஊத்திடுவேன்!" என்பாள். ஊற்றியும் இருக்கிறாள். என் வீட்டு மாவுதான். என் மனைவி கோமளா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்தாள். கிரைண்டரைப் போடச் சொன்னவன் நான்தானே.

சண்டைக்காரிதான். ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு இனிக்கிறது. கரன்ட் இருக்கிற வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். பிள்ளைகள் டியூப் லைட்டுக்கு அடியில் வட்டமாக உட்கார்ந்து பாடம் படிக்கும், அதாவது படிப்பதுபோலப் பாவ்லா காட்டும். ஒருத்தி வேர்க்கடலை வறுத்துக்கொண்டு வருவாள். இன்னொருத்தி கஞ்சி வைத்திருப்பாள். கிழக்கு வரிசைக்காரர்கள் மேற்கு வரிசைக்காரர்களின் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரிந்து வைத்திருந்தோம். எந்தப் பொண்ணுக்கு எங்கே வரன் வந்திருக்கிறது, எவன் வேலையை விடப்போகிறான், எல்லாம் அந்த ஒற்றை ஃபேஸ் வெளிச்சத்தில்தான் வெளியே வரும். தெருவில் டெலிபோன் இருந்தது என் வீட்டில் மட்டும். மின்சார ஆபீஸுக்குப் போன் போட அவள் வருவாள், கூடவே அரைத் தெருவும் வரும். ஊரே அந்த ஒரு நம்பருக்கு அடித்துக்கொண்டிருக்கும், எங்கேஜ்டு ஓசைதான் கேட்கும். அவள் அசரமாட்டாள். காதில் வைத்தபடியே கோமளா கொடுத்த காபியைக் குடித்து முடிப்பாள். லைன் கிடைத்ததும் குரல் அப்படியே தேனாக மாறும். "சார், ஏதுனா சாப்ட்டியா சார்? மழைல எம்மா கஷ்டம் உங்களுக்கு..." நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். லைன்மேன் வந்து கம்பம் ஏறினால் இறங்கும்வரை அவள் கீழேயே நிற்பாள், இறங்கினதும் டீயும் பிஸ்கட்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், எங்கள் ஊரில் வாயுள்ள ஒருத்தியால் தெருவே பிழைத்தது.

இதையெல்லாம் கெடுத்தது இன்வெர்ட்டர். ஊரெல்லாம் நாள் முழுக்கக் கரன்ட் கட்டாகிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்ததே, அப்போது வந்தது. எங்கள் தெருவில் முதல் இன்வெர்ட்டர் வாங்கினவன் நான். ரிட்டயர் ஆன கை, நிம்மதியாகத் தூங்கலாம் என்று வாங்கினேன். அது என்ன குற்றமா? அன்று சாயங்காலம் கரன்ட் போனது. எனக்குத் தெரியவே இல்லை, ஃபேன் பாட்டுக்குச் சுற்றுகிறது. தாட்சாயிணி வாசலில் நின்று கூப்பிட்டாள். நான் எட்டிப் பார்த்து, "போயிடுச்சா? எனக்குத் தெரியாதே" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியாது அண்ணே. உனக்கு இன்னாத்துக்குத் தெரியணும்? நீ உள்ள ஃபேன் போட்டுகினு தூங்கு. நாங்க கொசுக்கடி வாங்கிகினு ஆபீஸுக்குப் போன் பண்றோம். அப்பால வந்தா உனக்கும்தான வரும்" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. நானும் ரோஷக்காரன், போடி என்று விட்டுவிட்டேன். அடுத்த இரண்டு வருடத்தில் தெருவில் பாதி வீடு இன்வெர்ட்டர் வாங்கியது. அவள் சொன்னதுதான் நடந்தது. கரன்ட் போனால் ஒருவரும் வெளியே வரவில்லை. போன் செய்யவும் யாருமில்லை. ஆபீஸில் இருப்பவர்களுக்கு, ஒரே ஒரு பெண் புகார் சொல்கிறாள் என்றால், ஒரே ஒரு வீட்டில்தான் கோளாறு என்று தோன்றாதா? அவள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவாள். "கரன்ட்டு போயி ஒரு மணி நேரம் ஆவுது, போனைப் போடுங்களேன்யா!" கதவைத் திறந்தவர்கள் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துவிட்டு, "அப்படியா?" என்பார்கள். கடைசியில் தட்சிணாமூர்த்தி கெஞ்சிக் கூத்தாடி அவள் வீட்டிலும் ஒன்று வைத்தான். அதை அவள் கடைசிவரை சக்களத்தியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

அப்புறம் வர்தா புயல். எங்கள் பக்கம் வேப்பமரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. கம்பமெல்லாம் மல்லாந்து கிடந்தது. இன்வெர்ட்டர்கள் ஒரு பகலோடு வாயைப் பிளந்தன. நாள் கணக்கில் இருட்டு. ஒருவழியாக ஒரே ஒரு ஃபேஸ் மட்டும் வந்தது. வந்த அன்றைக்கே தெருக்கோடி வீரராகவன் மாரடைப்பில் போய்விட்டார். மகன் கிருபாகரன் வெளிநாட்டில். விமானம் கிடைத்து வந்து சேரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும், அதற்குக் கரன்ட் வேண்டும். நாள் கணக்கில் வெந்துபோய்க் கிடந்த ஜனம், ஃபோனுக்குச் சார்ஜ் இல்லை, குடிக்கத் தண்ணீர் ஏற்றவில்லை. எல்லோருக்கும் கை திருகு சுவிட்சில்தான் இருந்தது.

தாட்சாயிணி ஒவ்வொரு வாசலாக வந்தாள். என் வாசலுக்கும் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, கோமளாவைப் பார்த்துச் சொன்னாள். "பெத்த புள்ள மொகம் பாக்கணும்க்கா. அந்த ஃபேஸு அந்த ஊட்டுக்கு மட்டும். ரெண்டு நாளு. மெழுகுவத்தி இல்லனா எங்கிட்ட வாங்கிக்கோ." தெரு மொத்தமும் மெயின் சுவிட்சை இறக்கியது. கிருபாகரன் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கதறினான். அவனுக்குப் பின்னால் தெருவே நின்றிருந்தது. எனக்கும் அழுகை வந்தது. துக்கத்தில் பாதி, இந்த ராட்சசி சாதித்துவிட்டாளே என்று பாதி. அப்போதும் அவளிடம் நான் பேசவில்லை, பாருங்கள் என் கொழுப்பை.

கொரோனாவுக்கு அப்புறம் தட்சிணாமூர்த்தியின் நுரையீரல் கெட்டது. பட்டறை மணலும் புகையும் முப்பது வருடம் தின்றது போக மிச்சத்தை நோய் தின்றது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றைக் கட்டில் பக்கத்தில் வைத்தார்கள். மூக்கில் குழாய். அந்த மெஷினின் உறுமல் தெருவில் போனாலே கேட்கும். ரயிலில் பெட்டியையே சிரிக்க வைத்தவன், இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தைக்குக் காற்று தேடினான். நான் தினமும் சாயங்காலம் போய் அவனோடு உட்காருவேன். தாட்சாயிணி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பேச்சு கிடையாது, டீ மட்டும் உண்டு.

மிக்ஜாம் புயல் வந்தது அந்த வருடம் டிசம்பரில். விடாத மழை. ஏரித் தண்ணீர் ஊருக்குள் வந்தது. எங்கள் தெரு கொஞ்சம் மேடு, முழங்காலோடு நின்றது. மெயின் ரோட்டில் இடுப்பளவு. கரன்ட் மொத்தமாகப் போனது. அவள் வீட்டு இன்வெர்ட்டர் சில மணி நேரம் மெஷினை ஓட்டிவிட்டுக் கையை விரித்தது. சின்ன சிலிண்டர் ஒன்று வைத்திருந்தார்கள், அதைச் சிக்கனமாகத் திறந்து ஓட்டினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். "தண்ணி வடியட்டும், இப்போ வண்டி உள்ள வராது" என்றார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

மறுநாள் மழை விட்டதும் லைன்மேன் ஒருவர் தண்ணீரில் நடந்தே வந்தார். என்னென்னவோ பார்த்து, ஒரு ஃபேஸ் மட்டும் கொடுத்தார். "மத்த ரெண்டு கம்பி ஏரிக்கரையில அறுந்து கெடக்கு. தண்ணி வடிஞ்சாத்தான் ஏற முடியும். இதையும் ரொம்ப இழுத்தீங்கன்னா போயிடும். போனா இப்போதைக்கு ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். தாட்சாயிணி வீட்டில் மெஷின் உறும ஆரம்பித்தது. மூர்த்தியின் உதடு நீலத்திலிருந்து மெல்ல நிறம் திரும்பியது. நான் கட்டில் பக்கத்தில்தான் இருந்தேன்.

சரி, இப்போது எழுந்து வாசலுக்குப் போவாள், கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் போகவில்லை. கணவனின் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வருட ரோஷத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வாயைத் திறந்தேன்.

"ஏம்மா, உக்காந்துகினு கீறியே! போயி சொல்லு. எல்லாரும் ஃபேஸ் மாத்திகினு கீறானுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்டி அண்ணே கேக்கறது?"

"இன்னா எப்டி? எத்தினி வாட்டி கேட்டிருப்ப? வீரராகவனுக்குக் கேக்கலியா?"

"அது ஊருக்கு. அவங்க ஊட்டுப் பொணத்துக்குக் கேட்டேன், புள்ளைங்க பரிட்சைக்குக் கேட்டேன். தகிரியமா கேட்டேன். இது எம் புருசன். எனக்கு ஒண்ணு வேணும்னு இந்தத் தெருவுல நான் கையேந்தினதே இல்ல அண்ணே. தண்ணி இல்லாம கொழந்தைங்கள வெச்சிகினு கீறாங்க. எம் புருசனுக்காக நீங்கல்லாம் இருட்டுல கெடங்கனு எந்த வாயால சொல்லுவேன்?" அவள் குரல் உடைந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

நான் எழுந்து வேட்டியைத் தூக்கிக் கட்டினேன். எனக்குக் கெஞ்சத் தெரியாது, திட்டத்தான் தெரியும். முதல் வீட்டிலேயே ஆரம்பித்தேன். "மெயினை இறக்குய்யா! மூர்த்திக்கு மூச்சு ஓடிகினு கீது அந்தக் கம்பில. இன்வெர்ட்டரும் சார்ஜ் போடாத, அதுதான் ஜாஸ்தி இழுக்கும். அவ உனக்கு எத்தினி தபா வந்து நின்னா, மறந்துட்டியா?" ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. மூர்த்திக்கு என்றதும் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. ஒரு அம்மாள் மட்டும், "இத்த அதுவே வந்து சொல்லியிருந்தா நாங்க மாட்டேன்னா சொல்லுவோம்? நீ எதுக்கு அண்ணே இந்தக் கத்து கத்தற?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். கடைசியாகத் தெருமுனை ஃபிளாட்ஸுக்குப் போனேன். பன்னிரண்டு வீடு, எல்லாம் வேலைக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள். கதவைத் திறந்தவள் பவித்ரா என்ற பெண், இடுப்பில் கைக்குழந்தை. அவள் கணவன் விஷ்ணு கோவில்பட்டிப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. விஷயத்தைக் கேட்டு, இருவரும் மாடி மாடியாக ஏறி எல்லாருடைய சுவிட்சையும் அணைக்க வைத்தார்கள். நான் திருப்தியாகத் திரும்பி நடந்தேன்.

பாதித் தெரு வரும்போது மெஷின் உறுமல் நின்றது.

ஓடினேன், முழங்கால் தண்ணீரில் எங்கே ஓடுவது, விழுந்து எழுந்து போனேன். தாட்சாயிணி சிலிண்டரைத் திறந்துகொண்டிருந்தாள். அளவு காட்டும் முள் அடியில் கிடந்தது, மிஞ்சினால் அரை மணி நேரம் தாங்கும். ஃபேஸை இப்படி ஒரேயடியாகச் சாய்ப்பது தண்ணீர் மோட்டார்தான். எனக்கு வந்த ஆத்திரம்! அப்படியே ஃபிளாட்ஸ் வாசலுக்குத் திரும்பிப் போய், "எந்தப் பேமானி மோட்டார் போட்டவன்? வெளிய வாடா!" என்று தெருவே அதிரக் கத்தினேன்.

விஷ்ணு வெளிறிப்போய் இறங்கி வந்தான். "யாரும் போடல சார். மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் இருக்கு. மாடித் தொட்டி காலியா இருந்துச்சுல்லா, கரன்ட் வந்ததைப் பாத்துட்டு அதுவா போட்டுக்கிட்டு. நாங்க வீட்டு சுவிட்சை எல்லாம் அணைச்சோம், அதை யாருக்கும் ஞாபகமில்ல சார்."

எவனை அடிப்பது? ஆட்டோமேட்டிக்கை அடிக்க முடியுமா? நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "போச்சுப்பா. சிலிண்டரும் தீரப் போவுது. போச்சு" என்றேன்.

விஷ்ணு மாடியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, "சார், மூணாவது மாடியில ரெண்டு வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிருக்காங்க. சாவி எங்கிட்டதான் இருக்கு. போகும்போது இன்வெர்ட்டரை அணைச்சுட்டுத்தான் போனாங்க. பேட்டரி ஃபுல்லா இருக்கும்" என்றான். சொல்லிக்கொண்டே படியேறினான். பேட்டரி ஒன்று அரை மூட்டை சிமென்ட்டுக்கு மேல் கனக்கும், தண்ணீரில் எப்படிக் கொண்டுபோவது? பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்த தொட்டி ஒன்று தோட்டத்தில் கிடந்தது. அதில் பேட்டரியை வைத்து மிதக்கவிட்டு, அவன் முன்னால் இழுக்க நான் பின்னால் பிடித்துக்கொண்டு போனேன். பவித்ரா மாடியிலிருந்து, "பாத்துங்க, குழி இருக்கு, இடது பக்கம் வாங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

தாட்சாயிணி வீட்டு இன்வெர்ட்டரில் கம்பியை மாற்றியதும் மெஷின் உறுமியது. அந்த உறுமலைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தொட்டி ஃபிளாட்ஸுக்கு இரண்டாவது பேட்டரிக்குப் போனதைத் தெரு பார்த்தது. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து வைத்தார், பாதிதான் சார்ஜ் இருக்கும் என்று கூச்சத்தோடு. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு என்னுடையதையும் கொண்டுவந்தேன். எந்த இன்வெர்ட்டரை வாங்கியதற்காக அவள் என்னோடு பேச்சை நிறுத்தினாளோ அதே ஜாதிச் சாமான்கள் அவள் கூடம் முழுக்கச் சுவரோரமாக வரிசையாக நின்றன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடுப்பைப் பற்றவைத்து எல்லாருக்கும் டீ போட்டாள், சர்க்கரை இல்லாமல் போட்டுவிட்டாள். ஒருவரும் சொல்லாமல் குடித்தோம். மூர்த்தி படுத்தபடியே என்னைப் பார்த்து, "மாமே... நல்லா... கத்தின..." என்றான். அந்த மூன்று வார்த்தைக்கு அவனுக்கு எவ்வளவு மூச்சு செலவாகியிருக்கும்! எனக்குக் கண் நிறைந்து, வேட்டியில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு பேட்டரி தீரத்தீர அடுத்ததை மாட்டினோம். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில், கடைசிக்கு முந்தைய பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும்போது, மூன்று ஃபேஸும் வந்தது. அந்த நேரத்தில் தெருவில் வேறு எந்த வீட்டிலும் இன்வெர்ட்டர் ஓடவில்லை. எல்லா வீடும் ஒன்றாக இருண்டு கிடந்து, ஒன்றாக வெளிச்சமானது. "ஹே..." என்று ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள்! குழந்தைகள் மட்டுமில்லை, கிழவர்கள், ஃபிளாட்ஸ்காரர்கள், கோமளா, எல்லோரும் கத்தினார்கள். இன்வெர்ட்டர் வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தை நான் இந்தத் தெருவில் கேட்கவே இல்லை, கேட்கவில்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தாட்சாயிணி வாசல்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மூர்த்தி அந்தப் புயலைத் தாண்டினான். பொங்கலுக்குக் கரும்பு கடிக்க முடியாமல் சாறு பிழிந்து குடித்தான். தாட்சாயிணி என்னோடு பேசத் தொடங்கினாள், அதாவது தினமும் திட்டத் தொடங்கினாள். விஷ்ணுவின் குழந்தை அவள் வீட்டுத் தையல் துணிக் குவியலில்தான் தவழப் பழகியது. நன்றாகத்தான் போனது.

மார்ச் மாதத்தில் ஒரு காலை. வெயில் சுள்ளென்று இருந்தது, ஒரு மேகம் இல்லை. கோமளா வந்து என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். மூர்த்தி தூங்குவதுபோல இருந்தான். தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. டியூப் லைட் எரிந்தது. மூக்கில் குழாய் அப்படியே இருக்க, மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போயும் அதை யாரும் நிறுத்தவில்லை.

தாட்சாயிணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கரன்ட்டு கீது அண்ணே. மூணு ஃபேஸும் கீது. எல்லாம் ஓடிகினுதான கீது. அப்பறம் இன்னாத்துக்கு அண்ணே போனாரு?" என்று கேட்டாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். 

உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஒப்பாரி எழுந்தது. அதற்கு நடுவிலும் மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. தாட்சாயிணி இரண்டு தடவை எழுந்து போய், சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அத்த நீயே நிறுத்திடு. எனக்குக் கை வரல" என்றாள்.

சுவிட்ச் போர்டு கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. நான்தான் எழுந்துபோய் அணைத்தேன்.